இனிப்பு கசந்த கரப்பான்

என் வீட்டுக்காரரை எல்லோரும் ‘கரப்பான் டாக்டர்’ என்பார்கள். நோயாளி பிழைத்தால் கெட்ட பெயர் வாங்குகிற ஒரே டாக்டர் அவர்தான். சர்க்கரைப் பாகில் விஷத்தைக் குழைத்து, பட்டாணி அளவு உருட்டி, மூலை முடுக்கெல்லாம் வைப்பார். அவருக்கும் இனிப்பு என்றால் உயிர். நல்லவேளை, எது மருந்து எது பலகாரம் என்று தெரியும்.

அவருடைய அக்கா பேக்கரி வைத்திருக்கிறார். அம்மா போனபின் இவரை வளர்த்து ஆளாக்கியவர். தம்பியை நம்பி முதன்முதலில் மருந்து வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்தக் கடையிலேயே கரப்பான் பெருகி, பட்டப்பகலில் மாவு மேடையில் உலா வந்தது. என் நாத்தனார் வாயைக் கேட்கவா வேண்டும்!

"மருந்துல தண்ணி கலக்குறியாடா? சொந்த அக்கா கடைன்னா இளக்காரமா? நாளைக்கு வேற ஆள் வர்றான். நீ இனிமே இந்தப் பக்கம் வராத!"

மனுஷன் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. "ஊர் சொன்னா துடைச்சுப் போட்டுடுவேன். அக்கா சொல்லிட்டாளே" என்று கண் கலங்கினார். எனக்கு வந்ததே கோபம்! "உட்கார்ந்து அழுதா கரப்பான் செத்துடுமா? போய் என்னன்னு பாருங்க" என்று அவரைக் கிளப்பினேன். கல்லூரியில் உயிரியல் படிக்கும் மகளையும் இழுத்துக்கொண்டு நானும் போனேன்.

அன்று கடைக்கு விடுமுறை. நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, டார்ச்சோடு குந்தினோம். ஒரு கரப்பான் மருந்துருண்டையிடம் வந்தது. மீசையால் தொட்டது, வாய் வைத்தது, சட்டென்று பின்வாங்கி ஓடியது. அடுத்ததும் அப்படியே. இவர் யோசித்து, பக்கத்தில் சர்க்கரை போடாத வேர்க்கடலை விழுதை வைத்தார். அவ்வளவுதான், மொய்த்துவிட்டன.

"அப்பா, இதுங்களுக்கு இனிப்பு கசக்குது" என்றாள் மகள்.

"என் மருந்தா இப்படி மாத்திடுச்சு?"

"மருந்து மாத்தலப்பா. என்னைக்கோ ஒண்ணு மரபணுல சின்ன மாத்தத்தோட பொறந்திருக்கு. மத்ததெல்லாம் இனிப்பைத் தின்னு செத்துடுச்சு. அது தொடல, பிழைச்சுது. இப்ப கடை முழுக்க அதோட வம்சம்."

இவர் அக்காவைப் பார்த்தார். "தண்ணி கலக்கலக்கா. ஆனா தப்பு என்னுதுதான். எத்தனையோ வருஷமா ஒரே இனிப்பையே வச்சேன். இந்த வம்சத்தை உன் கடையில வளர்த்துவிட்டதே நான்தான்."

இவர் கடலை விழுதில் விஷத்தைக் குழைத்து வைக்கும்வரை நாத்தனார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனிமே இதையே வச்சுடு" என்றார் கடைசியில்.

"இல்லக்கா, மாத்தி மாத்தித்தான் வைக்கணும். கடலை பிடிக்காதது ஒண்ணு எங்கேயாவது பொறந்திருக்கும்."

நாத்தனார் போனை எடுத்தார். "நாளைக்கு வர வேண்டாம்ப்பா. என் தம்பி பார்த்துக்குவான்." அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு கிரீம் பன்னை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாடா. உனக்கு இனிப்பு இன்னும் கசக்கலையே?"

கழுவப் போன மனுஷன் குழாயடியிலேயே நின்று அழுதுகொண்டிருந்தார்.