சனிக்கிழமை விற்காத இரும்பு

தேனியிலிருந்து குமுளி அறுபது கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறு மணிக்கு மனைவி மலர்விழியைக் குமுளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் சைக்கிளில் கிளம்பினேன்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் இத்தாலியில் செய்த ரோடு பைக். இரும்புச் சட்டம், வளைந்த கைப்பிடி. வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது மலரின் குறை. குமுளியில் விடுதி நடத்தும் பிஜு, வரவேற்பறைச் சுவரில் அழகுக்கு மாட்ட அதை விலைக்குக் கேட்டிருந்தார். என் முழங்கால் வலி தெரிந்த மலர் ஒரு பந்தயம் வைத்துவிட்டாள்.

"லோயர் கேம்ப்ல இருந்து எறங்காம மிதிச்சு மலையேறி வந்தீகன்னா சைக்கிள் நம்ம வீட்டுல இருக்கட்டும். இல்லாட்டி பிஜுகிட்ட குடுத்துருவோம்."

சுவரில் ஆணியடித்து மாட்டுவதற்கா இதை இத்தனை வருஷம் துடைத்து வைத்தேன்?

வீரபாண்டி தாண்டியதும் லாரிகளுக்குப் பயந்து குச்சனூர் வழியாகத் திரும்பினேன். நடவு முடிந்த வயல், தென்னை, வாழை, மேற்கே மேகம் மூடிய மலை. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம். ஆற்றில் முழுகிவிட்டு, உடுத்திய துணியைத் தோஷத்தோடு சேர்த்து விட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படி யாரோ விட்ட வேட்டி ஈரத்தோடு சாலையில் கிடந்திருக்கிறது. மலையைப் பார்த்துக்கொண்டே மிதித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. சக்கரம் அதைச் சுருட்டிக்கொண்டது. கடக்கென்று சத்தம். பின்சக்கரத்தின் சிறியதும் பெரியதுமான பல்சக்கரங்களுக்கிடையே செயினை நகர்த்தும் டிரெய்லியர் ஆரக்கம்பிக்குள் மாட்டி இரண்டாக முறிந்திருந்தது.

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "எவன் விட்ட சனியோ, உங்க சக்கரத்துல வந்து ஏறிக்கிருச்சே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. செயினை ஒரே பல்சக்கரத்தில் கட்டிச் சமதளம் ஓட்டிவிடலாம், மலை ஏறாது.

வாழைத்தார் ஏற்றிப்போன குட்டியானை வண்டி ஒன்று என்னையும் சைக்கிளையும் சின்னமனூரில் இறக்கிவிட்டது. பந்தயம் மலைக்குத்தான், சமதளத்துக்கு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கடைவீதியில் சைக்கிள் சாமான் கடை. உரிமையாளர் ஜெயராணி, நாற்பது வயதுக்காரர், முறிந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கியர் சைக்கிள் சாமான் இருக்கு சார். ஆனா நாளைக்கு வாங்க. சனிக்கிழமை நான் இரும்பு விக்கிறதில்ல. பஞ்சர் மட்டும்தான்."

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லைம்மா."

"உங்களுக்கு இல்லாட்டி என்ன? எனக்கு இருக்குல்ல. வாங்குற உங்களுக்குத்தான ஆகாது? அதுலயும் குச்சனூர்ல அடிபட்டு வந்து நிக்கிறீக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் இருந்தது என்மேல் அக்கறை. அதோடு எப்படிச் சண்டை போடுவது? மலர் வைத்த பந்தயத்தைச் சொன்னேன். ஜெயராணி கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு டிரெய்லியர்களையும், கீழே சிந்தும் பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தத்தையும் எடுத்தார். முதல் டிரெய்லியரில் வைத்தார், டப்பென்று ஒட்டியது. அதை டப்பாவில் போட்டு மூடினார். இரண்டாவதில் காந்தம் வழுக்கிக்கொண்டு போனது. அலுமினியம்! நடுவிலிருந்த ஸ்பிரிங்கில் மட்டும் லேசாக இழுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஸ்பிரிங்க நான் விக்கல. அதுவாக் கூட வந்துச்சுன்னு வச்சுக்கங்க," என்றார்.

போல்ட்டுக்கும் கேபிளுக்கும் என்னுடைய பழையதே போதும் என்றேன். "அப்பச் சரி. இங்கனயே மாட்டிருவோம்."

பக்கத்து வாழைக்காய் மண்டியில் தார் எடைபோடும் கொக்கியில் சைக்கிளைத் தொங்கவிட்டோம். சட்டத்தில் டிரெய்லியர் மாட்டும் காது வளைந்திருந்தது, அதை ஸ்பேனரால் நிமிர்த்தினேன். புதிய டிரெய்லியர் வேறெந்தச் சைக்கிளுக்கோ செய்தது. ஆனால் என் கியர் லீவர் 'டிக் டிக்' என்று எண்ணாமல், தள்ளிய இடத்தில் நிற்கும் பழைய வகை, அதனால் ஒத்துப்போனது. ஜெயராணி பெடலைச் சுற்ற, நான் இரண்டு குட்டித் திருகுகளைத் திருகினேன். ஒன்று, செயின் வெளிப்பக்கம் விழாமல் தடுப்பது. மற்றது, உள்ளே ஆரக்கம்பிக்குள் பாயாமல் தடுப்பது. இந்த இரண்டாவதில்தான் என் உயிர் இருந்தது. முதலில் செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறவே மறுத்தது. கால் சுற்றுத் தளர்த்தினேன். ஏறி, ஆரக்கம்பியை உரசியது. இம்மியளவு இறுக்கினேன்.

"சத்தம் நின்னுருச்சு," என்றார் ஜெயராணி.

உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று திராட்சைப் பந்தல்களைப் பார்க்காமலே கடந்தேன். லோயர் கேம்ப்பில் தண்ணீர் குடித்துவிட்டு மலையேறத் தொடங்கினேன். மூன்றாவது திருப்பத்திலேயே முழங்கால் முனகியது. பெரிய பல்சக்கரத்தைத் தவிர வழியில்லை. லீவரை மெல்ல இழுத்தேன். செயின் தடுமாறியது, கரகரத்தது, ஏறி உட்கார்ந்தது. உள்ளே பாயவில்லை. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னேன். முந்திப்போன ஜீப்பிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் கையாட்டினார்கள். நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். அவ்வளவு தைரியம் வந்துவிட்டது.

எங்கும் இறங்காமல் ஏறி வந்தபோது, குமுளிக் கடைத்தெருவில் மலரும் பிஜுவும் காத்திருந்தார்கள். மலர் முதலில் என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தை. நடந்ததையெல்லாம் மூச்சுவாங்கச் சொன்னேன். பிஜு சட்டத்தைத் தடவிக்கொண்டே, "சேட்டா, நான் இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துத் தரேன்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் சீட்டைப் பிடித்துச் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது இரும்புங்க. சனிக்கிழமை வாங்குனா உங்களுக்கு ஆகாது."

"நாளைக்கு வரட்டுமா, சேச்சி?"

"நாளைக்கு வெள்ளனவே அவக இதுல மலையெறங்கிருவாக," என்றாள்.