அடிபம்புச் சத்தம்

அம்மா இறந்தபின் நேற்றுதான் மயிலாப்பூரில் இருக்கும் என் தையல் கடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் அழுகை வந்து வீட்டுக்கே திரும்பிவிட்டேன். இன்றும் அதே இடத்தில் அழுகை வந்து, திரும்பிவிடலாமா என்று நின்றேன். அப்போது பக்கத்துச் சந்தில் ஓர் அடிபம்பு கிறீச்சிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருப் பம்பும் அப்படித்தான் கத்தும். கைப்பிடியில் துரு வாடை. கூவத்துக் காற்று வேறு. அப்பா எங்களை விட்டு ஓடிப்போன மறுநாள், அம்மா அங்கே அழுதுகொண்டே தண்ணீர் அடித்தாள்.

"அழுவாதக்கா, எல்லாரும் பாக்குறாங்கோ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கண்ணீரு அது பாட்டுக்கு வரட்டும்டி. வூட்டுக்குத் தண்ணி வோணுமில்ல?" அம்மாவின் கை நிற்கவில்லை.

திரும்பாமல் நடந்தேன். கடை வாசலில் பூக்காரி என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாக்கா, அழுவுறியா?"

"ஆமாம்மா," என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைத் தூக்கினேன்.