தொட்டியைத் தூக்கிப் பார்

செருப்பு வாரின் தடம்தான் முதலில் வந்தது.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை ஊற்றுவது என் வேலை. காலையிலிருந்து நின்றபடிதான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வார் அழுத்திய இடம் பள்ளமாக இருந்தது. குளித்த பிறகும் இருந்தது. தூங்கி எழுந்த பிறகும் இருந்தது. "நின்னு நின்னு வந்திருக்கும். எண்ணெய் தேய்ச்சு விடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த நோய்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்து முடித்தேன். சிறுநீரகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மருத்துவர் தமிழ்ப் பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"ஆன்ட்டி, சர்க்கரை பல வருஷமா உங்க கிட்னியக் கெடுத்திருக்கு. இப்ப ரெண்டுமே ரொம்பக் கொஞ்சம்தான் வேலை செய்யுது. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாள் கணக்கு இல்ல ஆன்ட்டி. இனிமே இதோடதான்."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். அவர் படம் போட்டுக் காட்டியதில் எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன். டயாலிசிஸ் என்றால் (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்வது) இரத்தத்தை வெளியே எடுத்து, கழிவையும் கூடுதல் நீரையும் நீக்கி, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். அதற்காக இடது கையில் ஃபிஸ்துலா (இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து உண்டாக்கும் ஊசி வழி) செய்தார்கள். தொட்டால் உள்ளே வண்டு ரீங்கரிப்பது போலத் துடிக்கும். அந்தத் துடிப்பு நின்றால் உடனே வரச் சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து நான் அதைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

ஊசியைவிடக் கஷ்டம் தண்ணீர். சிறுநீர் போவது குறைந்துவிட்டால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நுரையீரலில் தங்கும். அதனால் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்ததுதான் அன்றைக்கெல்லாம். தேநீர், ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதிலேயே. சிங்கப்பூர் வெயிலில், தோசைக்கல் முன்னால் நிற்கிறவளுக்கு இது எப்படி இருக்கும் என்று இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டயாலிசிஸ் நிலையத்தில் முதல் நாள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான் லில்லி அக்கா. இரத்தம் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஊசி கையில் இருக்க, ஒரு காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"புதுசா? பயமா இருக்கா?"

"ஆமாக்கா."

"நல்லது. பயப்படாதவங்கதான் வாழைப்பழத்தத் தின்னுட்டு வந்து மாட்டிக்குவாங்க." (வாழைப்பழத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு அதிகம். எங்களுக்கு அது வெளியேறாது. கூடிவிட்டால் இதயத்தைத் தாக்கும்.)

லில்லி அக்கா சாங்கி விமான நிலையத்தில் பல வருஷம் விமானங்களுக்குள் துப்புரவு வேலை பார்த்தவர். கணவர் இல்லை. மகள் ஸ்டெல்லாவோடு தேக்கா மார்க்கெட்டை ஒட்டிய அடுக்குமாடியில் இருந்தார். என் கடையிலிருந்து லிஃப்ட் ஏறினால் போதும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வேலை முடிந்து அங்கே போய்விடுவேன். குழாய் நிறைய தண்ணீர் இருந்தும் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்து உபசரிக்காத வீடு அது ஒன்றுதான். ஆளுக்கு ஒரு ஐஸ் கட்டி. அதை வாயில் வைத்துக்கொண்டு, அது கரைகிற வரை பேசமாட்டோம். கரைந்த பிறகு நிறுத்தமாட்டோம்.

வாசலை ஒட்டிய நடைபாதையில் அவருடைய செடிகள். கறிவேப்பிலை, ஓமவல்லி, பாண்டான் (சமையலுக்கு வாசனை தரும் நீள இலை), துளசி. "சர்ச்சுக்குப் போற வீட்டுல துளசியா?" என்று கேட்டால், "இருமல் வந்தா அது ஜாதகம் கேட்காது லா" என்பார். எல்லாம் பழைய பெயிண்ட் வாளிகளில். அடியில் ஓட்டை, மேலே கம்பிப் பிடி. பார்க்க அழகாக இருக்காது.

மாலையில் தண்ணீர் ஊற்றும் முன்னால் ஒவ்வொரு வாளியையும் பிடியைப் பிடித்து ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். ஊசி போடாத கையால். சிலதற்கு ஊற்றுவார், சிலதை அப்படியே வைத்துவிடுவார்.

"ஏன்க்கா இவ்வளவு கஷ்டம்? மண்ணத் தொட்டா தெரியாதா?"

"பாக்கியம், மேல் மண்ணு பொய் சொல்லும். நர்ஸு உன் நாக்கையா பார்க்கிறா? வெயிட் மெஷின்ல ஏறுன்னுதான சொல்றா."

நான் சிரித்தேன். அது செடியைப் பற்றி என்று நினைக்கவில்லை. எங்களை நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அப்படித்தான். நான்கு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டெல்லா போனில் கூப்பிட்டது. அம்மாவுக்குத் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து ஸ்டெல்லா வீட்டைக் காலி செய்தது.

"ஆன்ட்டி, செடியெல்லாம் உங்களுக்குன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. என்னால பார்த்துக்க முடியாது ஆன்ட்டி. ஐ'ம் ஸாரி."

வாளிகள் எல்லாம் ஒரு வேனில், வாம்போ வட்டாரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அன்றைக்குச் செடிகளோடு அந்த நடைபாதையின் வாசனையே வந்துவிட்டது. நான் வாசலில் நின்று அழுதேன். எதிர் வீட்டுச் சீனப் பாட்டி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

லில்லி அக்காவின் கறிவேப்பிலை பெயிண்ட் வாளியில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீல நிறத்தில் பெரிய பீங்கான் தொட்டி ஒன்று வாங்கி, வீட்டுக்காரரைக் கொண்டு அதில் மாற்றி நட வைத்தேன். இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். பழைய வாளியைக் கழுவி, துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்தேன்.

பிறகு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

எனக்குத் தாகம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினேன். எங்களை மாதிரி ஆட்கள்தான் இப்படிச் செய்வோம் என்று நினைக்கிறேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது, மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டால் நானே குடித்த மாதிரி இருக்கும். நமக்குத்தான் அளவு, இந்த வாயில்லாத ஜீவன் ஏன் தவிக்க வேண்டும் என்று தோன்றும்.

"கீழ தட்டுல தண்ணி நிக்குது பாரு. கொசு செக் பண்ண வந்தா ஃபைன் போடுவான் லா" என்றார் வீட்டுக்காரர். தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன்.

பாண்டான் செழித்தது. ஓமவல்லி அழுகியது. கறிவேப்பிலை மஞ்சளாகி, இலைகள் துவண்டு தொங்கின. துவண்டால் தாகம் என்றுதானே நினைப்போம். இன்னும் ஊற்றினேன். காலையில் கதவைத் திறந்தால் தரையில் இலைகள் கிடக்கும். அவற்றைக் கூட்டித் தள்ளாமல் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

எனக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தச் செடி போனால் லில்லி அக்கா முழுசாகப் போய்விட்டார். அடுத்தது நான். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"செடிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம், பாக்கியம்?"

"அது அக்கா செடி. அக்காவும் நானும் ஒரே நாற்காலி வரிசைங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் எனக்குப் பிடித்த சுட்ட அப்பளம் வைத்தார். உப்பு ஆகாது என்பதை இரண்டு பேருமே மறந்த மாதிரி இருந்துவிட்டோம்.

பயம் கூடக் கூட என் பாட்டில் கணக்கும் தவறியது. அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது, நிலையத்தின் வாசலிலிருந்து எடை இயந்திரம் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. நர்ஸ் தேவி எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரிலிருந்து வருகிற பெண், சுருக்கென்று பேசும். உலர் எடையைவிட (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) நான் வெகுவாக ஏறியிருந்தேன்.

"என்னக்கா இது? நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்கும் போல. டாக்டரைக் கூப்பிடறேன்."

"தாகமா இருந்துச்சும்மா. ரொம்ப."

"தாகம் இருக்கும்க்கா. உடம்பு முழுக்கத் தண்ணி நிக்கும், நாக்கு மட்டும் வறண்டு கிடக்கும். நாக்கக் கேட்காதீங்க. மெஷினக் கேளுங்க."

அன்றைக்குக் கூடுதல் நேரம் வைத்து நீரை எடுத்தார்கள். காலில் சதை பிடித்துக்கொண்டு துடித்தேன். ஆனால் வலியைவிட, தேவி சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இதை ஏற்கெனவே ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கையில் வாளியோடு நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அந்த நீலத் தொட்டியை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. வீட்டுக்காரர் அதைச் சாய்த்ததும் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. சாக்கடை நாற்றம். வேர்கள் பாதி கறுத்து, தொட்டால் தோலாக உரிந்து வந்தன. கிருமி தொற்றும், மண்ணைத் தொட வேண்டாம், தொட்டால் கையுறை போட்டுக்கொள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் நான் தள்ளி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் அழுகியதை வெட்டி எடுத்தார்.

"இன்னும் வெட்டவா?"

"வெள்ளையா தெரியற வரைக்கும் வெட்டுங்க."

மிச்சமிருந்தது ஒரு குச்சியும் கொஞ்சம் வேரும். கிளிப்புகளைக் கொட்டிவிட்டு, அந்தப் பெயிண்ட் வாளியிலேயே புது மண்ணில் வைத்தோம்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. என்னைப் போல் கவலைப்படுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது. குச்சியில் ஒரு இலைகூட இல்லை. குவளையோடு போவேன், வாளியைத் தூக்குவேன், கனமாக இருக்கும், திரும்பி வருவேன். லேசாகும் வரை காத்திருக்க வேண்டும். லில்லி அக்காவுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அவருக்கும் தாகம் இருந்திருக்கும்தானே. ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கரைகிற வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்புக்காகச் செய்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் குச்சியின் அடியில் அரிசி முனை போலப் பச்சையாக ஒன்று தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். ஸ்டெல்லாவுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா வாளி" என்று மட்டும் பதில் வந்தது.

எனக்குக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசை. இந்த நோயில் அப்படி ஒரு நாள் வருவதில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறது. அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. முன்பு அதை நினைத்தே தூங்கமாட்டேன். இப்போது எனக்குத் திங்கள், செவ்வாய் என்ற பெயர்கள் மங்கிவிட்டன. கனமான நாள், லேசான நாள் என்று இரண்டுதான் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் இடது கையின் துடிப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். வண்டு இருக்கிறது. எடை பார்க்கிறேன். பிறகு வலது கையால் வாளியைத் தூக்கிப் பார்க்கிறேன்.

இன்றைக்கு மதியம் நல்ல வெயில். தோசைக்கல் சூடு இன்னும் உடம்பில் இருக்க, வீட்டுக்கு வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கறிவேப்பிலை முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கிறது. நுனி இலைகள் வெயிலில் கொஞ்சம் வாடியிருந்தன. கை தானாகக் குவளையை எடுத்துவிட்டது.

வாளியைத் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.

குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். அது கரைகிற வரை நான் ஒன்றும் பேசவில்லை.