பாப்பா கஞ்சி

அன்னதானத்துக்குப் பேர்போன ஊர்தான். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். அந்த ஊரில்தான் ஒன்பதாம் வகுப்பு மெஹ்விஷ், பெண்கள் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் சுருண்டு விழுந்தாள். பட்டினியெல்லாம் இல்லை. ரத்தம் கம்மி என்றார்கள். வீட்டுச் சோற்றைத் தொடமாட்டாள். பள்ளிக்கு எதிரே பலராமன் கடையில் சரம் சரமாகத் தொங்குகிற மசாலா நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுதான் அவளுக்குச் சாப்பாடு.

அவளைப் பெற்ற முன்னி பேகம் யார் தெரியுமா? அங்கன்வாடி ஆயாம்மா. ஊர்ப் பிள்ளைகளை மடியில் போட்டுச் சத்துமாவுக் கஞ்சி ஊட்டியவள். சொந்த மகளுக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

சும்மா இருப்பவளா அவள்? கேழ்வரகை வறுத்து அரைத்து, வேர்க்கடலை, எள், வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தாள். அங்கன்வாடி விட்டதும் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் போய் உட்கார்ந்தாள். கூட்டாளிப் பெண்கள் வாங்கித் தின்றால் இவளும் தின்பாள் என்று நினைப்பு. வாயை மூடிக்கொண்டு விற்றிருக்கலாம். "சத்துமாவு உருண்டை, கண்ணுங்களா" என்று கூவிவிட்டாள்.

அவ்வளவுதான். "ஐயே, பாப்பா கஞ்சிடீ" என்று ஒருத்தி சிரிக்க, வாசலே சிரித்தது. அதில் பாதிப் பேர் இவள் மடியில் அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள். மெஹ்விஷ் யாரோ எவரோ போலத் தலையைக் குனிந்து தாண்டிப் போனாள்.

"அம்மி, நாளையிலேர்ந்து அங்க வராதீங்க," என்றாள் வீட்டில். "என்னையும் பாப்பான்னு கூப்பிடறாங்க."

"பேர மாத்திட்டா துன்னுவியாடி?"

"பாக்கலாம்."

மறுநாள் அதே மாவு, சின்னச் சின்னதாக உருட்டியதும் 'சாக்லேட் லட்டு' ஆனது. கேழ்வரகின் நிறம் கைகொடுத்தது. பொய்தான், முன்னி பேகத்துக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பெண்கள் மொய்த்துக்கொண்டு வாங்கினார்கள். மெஹ்விஷ்கூட ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதைப் பார்த்த பெற்றவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வந்தது வினை. அக்காவைக் கூட்டிப்போக அம்மாவின் இடுப்பில் வந்திருந்த வாண்டு ஒன்று, அங்கன்வாடிப் பிள்ளை, கையை நீட்டியது. "ஆயாம்மா, கஞ்சி மாவு! எனக்கு!" கொடுத்ததை மொக்கித் தீர்த்தது. அதன்மேல் என்ன குற்றம், தினமும் தின்கிற மாவின் வாசனை அதற்குத் தெரியாதா? மறுபடி வாசலே சிரித்தது. மெஹ்விஷ் கடித்த உருண்டையைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

பலராமனுக்கே மனசு கேட்கவில்லை. "சத்துன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் யாரு துன்னுவாங்கக்கா? உட்டுடுங்க," என்றார். விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் மெஹ்விஷ் மறுபடி விழுந்தாள். பதறிக்கொண்டு ஓடிய முன்னி பேகத்தை, பள்ளிக்கு வந்திருந்த நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"ரத்தம் இன்னும் கம்மியாயிடுச்சு. ஏம்மா, பொண்ணுக்கு ஏதாச்சும் சத்தா குடுக்கக் கூடாதா? பெருசா ஒண்ணும் வாணாம். சத்துமாவு கஞ்சி காச்சிக் குடுங்க, போதும்."

முன்னி பேகம் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? பெஞ்சில் படுத்திருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணெல்லாம் மசாலாச் சிவப்பு.

"அம்மி," என்றாள் மெஹ்விஷ், கண்ணைத் திறக்காமலே. "அவங்கள மெதுவா பேசச் சொல்லுங்க. வெளிய பொண்ணுங்க நிக்கறாங்க."