பேய்க்குகைப் படகு

போன வாரம் பொழுதுபோக்குப் பூங்காவில் படகேறியதும், இருட்டுக்குள்ளிருந்து வந்த ஈரத் தார்ப்பாய் வாடை என்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனது. ஐம்பதுகளில், கொளவாய் ஏரிக்கரைப் பொருட்காட்சியில், தகரக் கொட்டகைக்குள் வெட்டித் தார்ப்பாய் விரித்திருந்த வாய்க்காலில், அம்மாவும் நானும் ஏறிய படகை ஆட்கள் கயிறுகட்டி இழுக்க, அது காகிதக்கூழ்ப் பேய்களைக் கடந்து மெல்லப் போனது. கடைசி வளைவில் முகத்தில் மாவு பூசி, வெள்ளைச் சேலையில், தலையை விரித்துப்போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன படகைப் பார்த்து அலறியவள், எங்களைக் கண்டதும் வாயடைத்துப்போனாள்.

"அம்சா, நீயாடி? வூட்டுக்கு வந்துடுடி, யாரும் ஒண்ணியும் கேக்கமாட்டோம்!"

அம்மா கையை நீட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல்போன என் சித்தி அந்த விரல்களைத் தொட்டாள். படகு நகர்ந்துவிட்டது.

அம்மா உடனே என்னை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். அதே வளைவில், அதே சேலையில், வேறொருத்தி அலறினாள்.