காய் விட்டதை மறந்தவள்

சுண்டு விரலை நீட்டினால் காய், அதாவது இனிப் பேச்சு கிடையாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம்; பழையபடி சேக்காளிகள். எழுபதுகளில் மலையாளச் சீமையின் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தச் சட்டத்தை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது, என் மாமன் மகளைத் தவிர. அவளும் துணிந்து மீறவில்லை. காய் விட்டதையே மறந்துவிடுவாள், அவ்வளவுதான்.

எதுதான் அவள் தலையில் நின்றது? டீச்சர் எழுதிப் போட்டதைப் பாதி எழுதும்போதே, ஓட்டின் மேல் ஓடும் அணிலுக்குப் பின்னால் மனசு போய்விடும். வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி வரும். பாண்டியாட்டத்தில் தன் முறை வரும்வரை நிற்க மாட்டாள். "இந்தக் குட்டிக்கு ஒரு சிரத்தையும் இல்ல" என்று மலையாளத்துக்காரரான டீச்சர் அலுத்துக்கொள்வார். இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திமிர் என்ற ஒரே பெயர்தான்.

ஆண்டு விழாவில் வந்தது வினை. மேடையில் கும்மி. நாங்களெல்லாம் இடப்பக்கம் திரும்ப, இவள் ஒலிபெருக்கிக் குழாயை வேடிக்கை பார்த்தபடி வலப்பக்கம் திரும்பி, அரிசி மில்காரர் மகள் மேல் மோதினாள். இரண்டு பேரும் உருண்டார்கள். ஊரே சிரித்தது. மில்காரர் மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கும்மிக்காரிகள் அத்தனை பேரும் மாமன் மகளுடன் காய் என்று உத்தரவு போட்டாள். விரலை நீட்டினோம்.

மறுநாள் காலை வாய்க்கால் வரப்பில் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். "ஏம்புள்ளைங்களா, தாழம்புதர்ல நீர்க்கோழி முட்டை வெச்சிருக்குது, வாங்க!"

"உங்கூட நாங்க காய் புள்ள" என்றேன்.

"அட ஆமா! மறந்தே போச்சு. செரி, முட்டையப் பாத்துப்போட்டு வந்து மறுக்கா காய் உட்டுக்கலாம்."

அட கூத்தே! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மில்காரர் மகள்தான் சுருக்கென்று கேட்டாள்: "உனக்கு வெக்கமே இல்லியா? தொரத்தத் தொரத்த வந்து நிக்கறயே?"

மாமன் மகளின் முகம் வாடிவிட்டது. அடுத்த நாள் அவள் எங்கள் பக்கமே வரவில்லை. வாயோயாத பெண் அப்படி ஒதுங்கி உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், மோதிர விரலில் வாழைநாரை இறுகக் கட்டியிருக்கிறாள். விரல் சிவந்து வீங்கியிருந்தது.

"என்ன புள்ள இது?"

"மறந்து போயி உங்ககிட்டப் பேசிப்போடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றவள், "ஐயோ, பேசிப்போட்டேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. பின்னாலேயே வந்து நின்ற மில்காரர் மகள் என்னை நகர்த்திவிட்டு, அந்தக் கையைப் பிடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மாமன் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, நான் மறந்துபோடலாமா?" என்று கேட்டாள்.