தலைமாட்டில் ஒரு சாண்

படுத்திருக்கும் மனிதரை அளக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நிற்கிறவரை எப்படி வேண்டுமானாலும் அளக்கலாம். நான் தையல்காரி, விடிந்தால் கழுத்தில் டேப்போடுதான் திரிகிறேன். காரைக்காலில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள பாதிப் பெண்களின் தோள் அகலம் எனக்கு மனப்பாடம். ஆனால் கிடக்கிற ஆளின் மேல் டேப்பை நீட்டினால் அத்தை வந்து கையைத் தட்டிவிடுவாள். அப்படி அளப்பது ஒரே ஒரு தடவைதான், அதற்கு வேறு ஆள் வருவான் என்பாள். இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. அத்தையோடு எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். இருந்தும் அந்த மழைக்காலத்தில் அப்பாவை நான் அளக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான், அப்பா, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்களோடே இருந்துவிட்ட அப்பாவின் தங்கை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பிடிவாதத்தையும் அங்கிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். மாடி அறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. எலும்பு வைத்தியர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அசைக்காதீர்கள், அசைத்தே ஆகவேண்டும் என்றால் பலகையில் நேராகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும், நாற்காலியிலோ துணியிலோ தூக்கினால் அப்புறம் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவோ, ஆஸ்பத்திரிக்குப் போனால் பெட்டியில்தான் திரும்புவேன் என்று ஒரே பேச்சாகப் பேசி வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அவர் முதுகைவிட அவருக்கு மேலே இருந்த கூரைதான் பயம். எங்களுடையது அந்தக் காலத்து வீடு. மாடி அறையின் மேல்தளம் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டியது. அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே போகிற உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தது. அது தொய்கிறதா, என் கண்தான் பொய் சொல்கிறதா என்று தெரிய, சுவருக்குச் சுவர் ஒரு தையல் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். கட்டியபோது நூலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைந்தது. கொஞ்ச நாளில் ஒரு விரல்தான் நுழைந்தது. அப்பா படுத்தபடியே அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொத்தனாரை அழைத்துக் காட்டியபோது அவர் ஏணி போட்டு ஏறக்கூட இல்லை. அறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, இது ஒரு நல்ல மழை தாங்காது, முதலில் ஆளைக் கீழே இறக்குங்கள் என்றார்.

அப்போதுதான் புயல் செய்தி வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். கருக்களாச்சேரியில் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டதாக மீன்காரம்மா சொன்னாள். காற்றே இல்லை. பக்கத்து வீட்டுத் தென்னை ஆடாமல் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் கடலோரத்து ஆட்களை ஏற்றப் போயிருக்கிறது, முடிந்தால் வருகிறோம் என்றார்கள். முடியாது என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் அப்பாவை உயிரோடு கீழே கொண்டுவர வேண்டும். வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை.

எங்கள் மாடிப்படி இரண்டு சுவர்களுக்கு நடுவே இறங்கி, பாதியில் ஒரு மூலை திரும்பும். அகலம் முப்பத்தெட்டு அங்குலம். வெறும் பலகையென்றால் நெட்டுக்குத்தாக நிமிர்த்தித் திருப்பிவிடலாம். ஆள் கிடக்கிற பலகையைக் கிடையாகத்தான் திருப்ப வேண்டும். நீளம் கொஞ்சம் கூடினாலும் இரண்டு முனையும் வெளிச்சுவர்களில் முட்டும், விலாப்பக்கம் உள்மூலையில் இடிக்கும், அப்படியே நின்றுபோகும். ஆகவே எவ்வளவு நீளம் திரும்பும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கைக்குட்டை சதுரமாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மூலையோடு மூலை மடித்துப் பார்ப்போம். தரையை மடிக்க முடியாதே. திருப்பத்தின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலம் வித்தியாசம். கட்டினவன் கையில் மூலைமட்டமே இல்லை போலிருக்கிறது. அவனைத் திட்டிக்கொண்டே, அந்தக் கோணலையும் சேர்த்து, கீழே கூடத்துத் தரையில் திருப்பத்தைச் சரியளவுக்குச் சாக்கட்டியால் வரைந்தேன். பிறகு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு வெட்டி, கோட்டைத் தாண்டாமல் தரையில் தள்ளித் திருப்பிப் பார்த்தேன். இடித்தது. ஒரு அங்குலம் நறுக்கினேன், மறுபடி தள்ளினேன், மறுபடி நறுக்கினேன். எழுபத்தொன்றில் உரசிக்கொண்டு திரும்பியது. இரண்டு அங்குலம் தாராளமாக விட்டு அறுபத்தொன்பது என்று முடிவு செய்தேன்.

அதில் அப்பா அடங்குவாரா? அவர் சட்டை எல்லாம் நான் தைத்ததுதான், தோள் அகலம் தெரியும். உயரம் தெரியாது. டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அத்தை கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“கெடக்குற மனுசன அளக்காதடி. ஒன் கையால அளக்காத.”

அப்பா நூலைப் பார்த்தபடி, பட்டாளத்தில் சேர்ந்த அன்று அளந்து சொன்னதை அதே பாஷையில் ஒப்பித்தார். “அன் மெத்ர் சுவசாந்த் உய்த்.” நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். அங்குலத்துக்கு மாற்றினால் அறுபத்தாறு, சொச்சம். மூன்று அங்குலம் மிஞ்சியது. அத்தை இன்னொரு நிபந்தனையும் போட்டாள். கால் முன்னால் போகக் கூடாது, இறங்கும்போது தலைதான் முன்னால் போக வேண்டும் என்றாள். கால் முன்னால் போவது யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் பலகை தேடிக் கிளம்பினேன்.

ஊரே ஜன்னலை அடைக்கப் பலகை வாங்கியிருந்தது. கடைகளில் ஒன்றும் இல்லை. மரம் அறுக்கும் மில்லில் கரண்ட் இல்லை. கையால் அறுக்கிறவர் ஒருவர்தான் மிச்சம். கல்லறைக்குப் போகிற ரோட்டில் சவப்பெட்டி செய்கிற ஆசாரி. ஸ்கூட்டியை அவர் கடை வாசலில் நிறுத்தினேன். ஒரு பலகை வேண்டும், அறுபத்தொன்பது அங்குலத்துக்குப் பதினெட்டு, பக்கத்துக்கு மூன்று துளை, கயிறு கோக்கிற மாதிரி என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு இந்தக் கடையில் பலகை வாங்கினாள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் ஊர் பேசிவிடும். அவரும் எதற்கு என்று கேட்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பென்சிலால் மரத்தில் குறித்துக்கொண்டு, அய்யா வீடு தெரியும், நீங்க போங்கம்மா, நானே அனுப்பி வைக்கிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். என்ன மரியாதையான மனுஷர் என்று நினைத்தபடி வந்துவிட்டேன்.

பலகை வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. வெள்ளைத் துணியால் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். துணியை உருவித் தூர எறிந்தேன். பக்கத்து வீட்டு பாய், அவருடைய மருமகன், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மூவரும் உதவிக்கு வந்தார்கள். பலகையை நிமிர்த்திப் பிடித்து மாடிக்குக் கொண்டுபோனோம், எங்கும் இடிக்கவில்லை. விரிப்பை நாலு பக்கமும் விறைப்பாக இழுத்து, அப்பாவை நேராகவே பலகைக்கு நகர்த்தி, என் பழைய சேலைகளால் கட்டினேன். தலைக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அங்கே ஒரு தலையணையைத் திணித்தேன். அளந்து பார்த்திருக்கலாம். மேலே செங்கல் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது, நூலை உத்தரம் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கு அளக்கத் தோன்றும்?

பாயும் மருமகனும் முன்னால் இறங்கித் தோளில் தாங்கினார்கள். நானும் ஆட்டோக்காரரும் பின்னால் கால்மாட்டைத் தாழ்த்திப் பிடித்தோம். பலகை கிடையாகவே இறங்கியது. திருப்பத்தில் முட்டியது. கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி திருப்பினோம். மறுபடி முட்டியது. சாய்த்துப் பார்க்கலாம் என்று பாய் தலைப்பக்கத்தை லேசாக உயர்த்தினார். அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. உடனே நிறுத்தினோம். கால்மாட்டைப் படியில் தாங்கி, தலைப்பக்கத்துக்கு என் தையல் முக்காலியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பலகையை அளந்தேன். எழுபத்தெட்டு. ஒன்பது அங்குலம் கூட. ஆசாரிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். நான் என்ன அளவு சொன்னேன், நீர் என்ன அளவு வெட்டினீர், உம் இஷ்டத்துக்கு வெட்ட இதென்ன வெறகா? அவர் பொறுமையாகச் சொன்னார்.

“கெடத்துற பலகைன்னா தலைமாட்டுல ஒரு சாண் விட்டுத்தாம்மா வெட்டுவோம். சிலுவையும் மெழுகுவத்தியும் வைக்கணும்ல? வர்றவங்கள்ட்ட ஒண்ணும் கேக்குறதில்லங்க, நாங்களே விட்டுருவோம்.” பிறகு, “அய்யா... இருக்காங்களாம்மா?”

மேல்படியிலிருந்து அத்தை விம்முவது கேட்டது.

“இருக்கேன்னு சொல்லு,” என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டேன். நானும் ஒவ்வொரு துணியிலும் தையலுக்கு விட்டுத்தான் வெட்டுகிறேன். யாரும் கேட்டு விடுவதில்லை, யாரிடமும் சொல்லி விடுவதும் இல்லை. மரத்தில் எதற்கு விடுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. மேலே ஏதோ பெரிதாக விழுகிற சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பாய் ஓடிப்போய் மட்டை வெட்டுகிற ரம்பத்தை எடுத்து வந்தார். ஆனால் வெட்டாமல் மருமகனிடம் நீட்டினார், மருமகன் முடியாது என்று பின்வாங்கினார். நான் பலகைக்கு அடியில் நுழைந்து தலைப்பக்கம் வந்து வாங்கிக்கொண்டேன். தலையணையை உருவினேன். கால்மாட்டிலிருந்து அறுபத்தொன்பது அங்குலம் அளந்து, மார்க்கிங் சாக்கால் பலகையின் குறுக்கே கோடு போட்டேன். கோட்டுக்கும் அப்பாவின் தலைமுடிக்கும் நடுவே மூன்று விரல்கூட இருந்திருக்காது. ரம்பத்தை வைக்க மனசு வரவில்லை. பலகை அதிர்ந்தால் முதுகு அதிரும் என்றேன்.

“அது எனக்குன்னு விட்ட எடம். இப்ப வேணாம், வெட்டி எடு பாப்பா,” என்றார் அப்பா.

வெட்டினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் கண் இறுக மூடித் திறந்தது. மரத்தூள் அவர் நெற்றியில் விழுந்தது, பாய் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை மாடிப்படியின் மேல் நின்று ஜெபமாலை சொன்னாள். நிறுத்துங்க அத்தை, இது அந்த ஜெபத்துக்கு நேரமில்லை என்று கத்தினேன், அவள் நிறுத்தவில்லை. கோணாமல் வெட்ட வேண்டும் என்பதில் மட்டும் கண்ணை வைத்துக்கொண்டேன். துண்டு விழுந்ததும் பலகையைத் தூக்கினோம். திருப்பத்தில் வெளிச்சுவரை உரசக்கூட இல்லை. தலை முன்னால் வர, அப்பா கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

புயல் எங்களை விட்டு வேறு பக்கம் போனது. மழைதான் விடிய விடியக் கொட்டியது. காலையில் மாடிக்குப் போனால் உத்தரம் இரண்டாக ஒடிந்து, செங்கல் எல்லாம் அப்பாவின் கட்டிலில் கிடந்தது. என் நூல் மட்டும் ஒரு பக்கச் சுவரில் தொங்கியது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கட்டிலைப் பார்த்துவிட்டு, ஆசாரி பலகை வீட்டுக்குள் வந்தது வந்ததுதான் என்றாள். பலகையைத் தூக்கிப் போடச் சொன்னாள். நல்ல வேம்பு, போட மாட்டேன் என்று கூடத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அறுத்தெடுத்த துண்டைக் காலர் இஸ்திரி போட என் வெட்டுமேஜையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா கூடத்து ஜன்னலோரம் கிடந்து தெருவைப் பார்த்தார். மெல்ல உட்காரவும் ஆரம்பித்தார், மீன் குழம்பில் புளி போதவில்லை என்று சண்டை போட்டார். நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இஸ்திரி போடும்போதெல்லாம் அந்தத் துண்டின் சூடு கையில் ஏறும், திரும்பி அவரைப் பார்த்துக்கொள்வேன். தவக்காலத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அத்தை அழுது முடித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். “இப்ப அளக்கலாம்டி,” என்றாள்.

அளக்க என்ன இருந்தது? கதவுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து வந்து அப்பாவைக் கிடத்தினோம். தலைமாட்டில் சிலுவை வைக்க இடம் இல்லை. அத்தை என் மேஜைக்குப் போய், துணிகளை ஒதுக்கிவிட்டு, அந்தத் துண்டை எடுத்து வந்து பலகையோடு ஒட்டி வைத்தாள். நான் வெட்டிய கோடு இம்மி பிசகாமல் சேர்ந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அத்தை அதன்மேல் சிலுவையை நிறுத்தி, மெழுகுவத்தியை ஏற்றினாள்.